பெங்களூரில் செயற்கை நுண்ணறிவின் வகைகள்: ஒரு சரித்திர நோக்கு

செயற்கை நுண்ணறிவின் வகைகளைச் சாமானியர்க்கு விளக்கப் புகுவோர், விதிகளைக் கொண்டு இயங்கும் யந்திரங்கள் முதலில் தோன்றின என்றும், அவை சோர்ந்தபின் தாமே கற்கும் யந்திரங்கள் வந்தன என்றும், இறுதியில் எழுதவும் உரையாடவும் வல்லவை பிறந்தன என்றும் படிவரிசையாகச் சொல்லிச் செல்வது சம்பிரதாயமாகிவிட்டது. பெங்களூரின் விஞ்ஞான சரித்திரத்தில் இவ்வரிசை அப்படியே பொருந்தவில்லை. இங்கே கற்கும் யந்திரத்தைப் பற்றிய ஆராய்ச்சி முந்திக்கொண்டது, விதி யந்திரத்தின் ஆரவாரம் பிந்தி வந்தது.

1909இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் கழகத்தின் மின்பொறியியல் துறைப் பேராசிரியர் எம். ஏ. எல். தாதாச்சாரும், சென்னையில் பிறந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கே. எஸ். நரேந்திராவும் 1974இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுரை, 'கற்கும் தானியங்கி' என்னும் கருத்தை ஒழுங்குபடுத்திக் கொடுத்தது. ரஷ்யக் கணித அறிஞர் செட்லின் தொடக்கிவைத்த அக்கருத்தின் சாரம் எளிது: யந்திரத்தின்முன் பல செயல்கள் உண்டு, அவற்றுள் ஒன்றை அது தேர்கிறது, சூழ்நிலை அதற்கு வெகுமதி தந்தால் அச்செயலை மீண்டும் தேர்வதற்கான வாய்ப்பு கூடுகிறது, தண்டனை தந்தால் குறைகிறது. தொலைபேசி இணைப்பகத்தில் ஓர் அழைப்பை எவ்வழியே அனுப்புவது என்பதை, நெரிசலின் போக்கை எவரும் முன்கூட்டிச் சொல்லாமலே, பலனைக் கண்டு கற்றுக்கொள்ள இம்முறை பிரயோகிக்கப்பட்டது. இருவரும் எழுதிய நூல் 1989இல் வெளிவந்தது.

இதற்கிடையே, மருத்துவரோ பொறியாளரோ பெற்ற அனுபவத்தை 'இன்னது நேர்ந்தால் இன்னது செய்க' என்னும் விதிகளாக வார்த்துக் கொடுத்தால் யந்திரமும் நிபுணனாகும் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியது. 1982இல் ஜப்பான் தொடங்கிய ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டம் அதற்குத் தூபம் போட்டது. இந்திய அரசும் 1986இல், ஐக்கிய நாடுகளின் உதவியோடு, அறிவுசார் கணினித் திட்டத்தை ஆரம்பித்தபோது, நிபுணத்துவ அமைப்புகள் சென்னை ஐ.ஐ.டி.க்கும், பல கணிப்பிகளை ஒருங்கே இயக்கும் இணைச் செயலாக்கம் பெங்களூருக்கும் பங்காயின. அதே ஆண்டில் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் செயற்கை நுண்ணறிவு, ரோபாட்டிக்ஸ் மையமும் இந்நகரில் தோன்றியது. சமஸ்கிருத இலக்கணிகளின் வாக்கிய விளக்க முறைக்கும் கணினியின் அறிவுச் சித்திரிப்புக்கும் உள்ள ஒப்புமையை 1985இல் அமெரிக்காவின் நாஸா ஆய்வு மையத்தைச் சார்ந்த ரிக் பிரிக்ஸ் எழுதியதைத் தொடர்ந்து, 1986 டிசம்பரில் பெங்களூரில் ஒரு தேசிய மாநாடும் கூடியது. அவர் சொன்னதன் சாரம் அதுவே. சமஸ்கிருதமே கணினிக்குச் சிறந்த மொழியென்று நாஸா தீர்ப்பளித்ததாக மேடைதோறும் முழங்கப்படுவது பிற்காலத்தவர் கைச்சரக்கு.

விதிகளால் ஆகாத காரியங்கள் பல இருந்தன. அச்சிட்ட தமிழ் எழுத்தையோ கன்னட எழுத்தையோ, மை பரவியும் கோடு சிதைந்தும் எத்தனை விதமாக வந்தாலும், நாம் எப்படி அடையாளம் காண்கிறோம் என்று கேட்டால் நமக்கே சொல்லத் தெரியாது. ஆகவே, விடை எழுதிய மாதிரிகளை ஏராளமாகக் காட்டிக் கற்பிக்கும் மூன்றாம் வகை அங்கே தேவையாயிற்று. அறிவியல் கழகத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணன் குழுவினர் இவ்விரு மொழிகளின் எழுத்துணரிகளுக்காக உழைத்தது அவ்வழியில்தான். எத்தனை மாதிரிகளைக் கண்டபின் யந்திரத்தின் முடிவை நம்பலாம் என்னும் கேள்வியைக் கணித நோக்கில் ஆராய்ந்து, முற்கூறிய பாதுகாப்பு மையத்தின் இயக்குநராயிருந்த எம். வித்யாசாகர் 1997இல் ஒரு நூல் இயற்றினார்.

2023இல் பெங்களூரில் தொடங்கிய சர்வம் நிறுவனம், மறு ஆண்டே தமிழ் உள்ளிட்ட 10 இந்திய மொழிகளுக்கும் ஆங்கிலத்துக்கும் நான்காம் வகையைச் சேர்ந்த ஒரு மொழி மாதிரியை வெளியிட்டது. கண்ட வாக்கியங்களிலிருந்து அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துப் புதிய வாக்கியம் படைப்பதே இவ்வகையின் வேலை. மனிதனைப்போல் எத்துறையிலும் புகுந்து தேறும் பொது அறிவு இவற்றுள் எதற்கும் கைகூடவில்லை. இன்றைய உரையாடும் யந்திரங்கள் பலவற்றைப் பதப்படுத்துகையில், மனிதர் விரும்பிய விடைக்கு வெகுமதி தரும் முறை கையாளப்படுகிறது. தாதாச்சாரின் தானியங்கியே இதன் நேர் மூதாதை என்று சொல்வது மிகையாகும். தத்துவத்தில் உறவு உண்டு. ஆனால் தொலைபேசி இணைப்பகத்தில் அழைப்பு சேர்ந்ததா இல்லையா என்பதே தீர்ப்பாக இருந்தது. உரையாடும் யந்திரத்துக்கோ தீர்ப்பளிப்பவன் விருப்பு வெறுப்புடைய மனிதன் ஆதலால், யந்திரம் மெய் சொல்லக் கற்பதோடு முகமன் கூறவும் சேர்த்தே கற்றுவிடுகிறது.