எண்ணெயைக் கட்டியாக்கிய கதை



நேற்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், மாஜரீன் பக்கட்டில ட்ரான்ஸ் கொழுப்பு இல்லையெண்டு போட்டிருக்கு. அப்ப முந்தி இருந்ததா?"

இருந்தது. கேக்கிலும் பெட்டிஸிலும் பிஸ்கட்டிலும் சேர்ந்து உலகமெல்லாம் உள்ளே போனது. அந்தக் கதையைக் கொஞ்சம் எழுதலாம் என்று நினைத்தேன்.

1902 இல் வில்ஹெல்ம் நோர்மன் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் ஒரு முறைக்குக் காப்புரிமை எடுத்தார். திரவ எண்ணெயைச் சூடாக்கி, நிக்கல் தூளை ஊக்கியாகப் போட்டு, ஐதரசன் வாயுவைச் செலுத்தினால் எண்ணெய் கட்டியாகிவிடும். மலிவான எண்ணெய், விலை கூடிய விலங்குக் கொழுப்பைப் போல ஆகிவிட்டது. 1911 இல் அமெரிக்காவின் ப்ரொக்டர் அன்ட் கேம்பிள் கம்பனி, பருத்திக்கொட்டை எண்ணெயை இப்படிக் கட்டியாக்கி 'கிரிஸ்கோ' என்று விற்றது.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. யூதர்கள் பன்றிக் கொழுப்பைத் தொடமாட்டார்கள். இறைச்சியோடு பட்டரும் சேர்க்கமாட்டார்கள். கிரிஸ்கோவில் இரண்டும் இல்லை. கம்பனி யூத வீடுகளுக்கென்றே தனியாகச் சமையல் புத்தகம் அச்சடித்தது. நாமும் அப்படித்தானே? பன்றிக் கொழுப்பு இல்லை, மரக்கறிக் கொழுப்பு என்று கண்டால் பக்கட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை. குர்ஆன் ஹலாலோடு தய்யிபையும் சேர்த்துச் சொல்கிறது. நாம் முதலாவதோடு நின்றுவிடுகிறோம்.

சரி, பிழை எங்கே? எண்ணெயின் மூலக்கூறுகள் இயற்கையில் வளைந்திருக்கும். ஐதரசனை அரைகுறையாக ஏற்றும்போது சில மூலக்கூறுகள் வளைவு நிமிர்ந்து நேராகிவிடும். அதுதான் ட்ரான்ஸ். நேரானவை நெருக்கமாக அடுங்குவதால் கொழுப்பு கட்டியாக நிற்கும், சீக்கிரம் பழுதாகாது. பேக்கரிக்காரருக்கு அது வசதி.

1957 இல் அமெரிக்க இலினோய் பல்கலைக்கழகத்தின் ஃபிரெட் கும்மரோ, இருதய நோயால் இறந்தவர்களின் உடல்களில் இந்தக் கொழுப்பு படிந்திருப்பதைக் கண்டு எழுதினார். பெரிதாக யாரும் கணக்கெடுக்கவில்லை. 1980களில் நிலைமை இன்னும் மோசமானது. தேங்காயெண்ணெயும் பாம் எண்ணெயும் கூடாது என்று அங்கே பெரிய பிரசாரம் நடந்தது. பயந்த கம்பனிகள் போய் விழுந்தது இந்த ஐதரசனேற்றிய எண்ணெயில்!

1990 இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உண்மையை உடைத்தார்கள். ட்ரான்ஸ் கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது, நல்லதைக் குறைக்கிறது. பட்டரிலும் தேங்காயெண்ணெயிலும் உள்ள நிறைவுற்ற கொழுப்பு கெட்டதைக் கூட்டும்தான், ஆனால் நல்லதை இப்படிக் குறைப்பதில்லை. 2003 இல் டென்மார்க், கொழுப்பில் 100 கிராமுக்கு 2 கிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது என்று உலகிலேயே முதலாவதாகச் சட்டம் போட்டது.

கும்மரோ விடவில்லை. 2013 இல், 98 வயதில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார். 2015 இல் அந்த நிர்வாகம் பகுதி ஐதரசனேற்றிய எண்ணெய் பாதுகாப்பானதல்ல என்று முடிவெடுத்தது. தடை நடைமுறைக்கு வந்தது 2018 இல். மனிதர் 2017 இல் 102 வயதில் காலமாகிவிட்டார். அவர் முதலில் எழுதி அறுபது வருடம்!

அந்தப் பிள்ளைக்கு இவ்வளவும் சொல்ல மணி போதவில்லை. திங்கட்கிழமை எல்லோரும் வீட்டிலுள்ள மாஜரீன், பிஸ்கட் உறைகளைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். 'பகுதி ஐதரசனேற்றிய' என்ற சொல் எதில் இருக்கிறது என்று பார்க்கப் போகிறோம். பேக்கரி வைத்திருக்கும் சகோதரர்கள் பேஸ்ட்ரிக்குப் பாவிக்கும் கொழுப்பின் உறையையும் கொடுத்தனுப்பினால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.