கலமும் பாயும்: நெகிழும் விண்கலங்களின் வரலாறு

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை முன்னாளில் பிட் தெரு என வழங்கியது. இன்றைய பெயரோ மொழிகளின் கூட்டுறவைக் காட்டுவது. 'கப்பித்தான்' ஐரோப்பியர் வழி வந்த தலைமைப் பட்டம். 'கெலிங்' கலிங்கம் என்னும் நாட்டுப்பெயரிலிருந்து கிளைத்துத் தென்னிந்தியரைச் சுட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பள்ளிவாசலை எழுப்பியோர் கடல்கடந்து வந்த தென்னிந்திய முசுலிம்கள். 'கப்பல்' என்னும் தமிழ்ச்சொல்லை மலாய்மொழி 'காப்பால்' என ஏற்றது. அதே பொருளுடைய பழஞ்சொல்லாகிய 'கலம்' இந்நாளில் 'விண்கலம்' ஆயிற்று. அக்கலங்கள் வளைந்தாடி அறிவியலாளருக்குக் கற்பித்த பாடத்தின் வரலாற்றை இவ்வுரையில் நாம் காண்போம்.

1958 சனவரி 31 அன்று அமெரிக்கா தன் முதற் செயற்கைக்கோளாகிய எக்சுபுளோரர் 1ஐ ஏவியது. ஏறத்தாழ 14 கிலோகிராம் எடையும் 2 மீட்டர் நீளமும் உடைய அவ்வுருளை, தன் நீள அச்சைச் சுற்றிச் சுழலுமாறு அமைக்கப்பட்டிருந்தது. முற்றிலும் விறைப்பான பொருளாயின் அச்சுழற்சி நிலைக்கும் என்பது 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் வகுத்த கணிதத்தின் முடிபு. ஆயின் கலத்தின் பக்கங்களில் நீண்டிருந்த நான்கு கம்பி அலைவாங்கிகள் வளைந்தாடின. ஆடுந்தோறும் சுழலாற்றலில் சிறிது வெப்பமாகக் கழிந்தது. கோண உந்தமோ குறையவில்லை. உந்தம் மாறாமல் ஆற்றல் மட்டும் குறையுங்கால், மிகக் குறைந்த ஆற்றலில் சுழலக்கூடிய அச்சையே பொருள் நாடும். ஆகவே அக்கலம் விரைவிலேயே குறுக்கச்சைச் சுற்றிச் சுழலலாயிற்று.

1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கி மற்றொரு பாடம் தந்தது. புவியின் நிழலுக்கும் வெயிலுக்கும் இடையே அது கடக்கும்போதெல்லாம், சூரியத் தகடுகளைத் தாங்கிய கோல்கள் வெப்ப வேறுபாட்டால் வளைந்து அதிர்ந்தன. தொலைநோக்கியின் பார்வையும் நடுங்கிற்று. கட்டுப்பாட்டு நிரல் திருத்தப்பட்டது. 1993 டிசம்பரில் தகடுகளே மாற்றப்பட்டன.

எனவே பொறியாளர் ஒவ்வோர் உறுப்பும் எவ்வடிவில், நொடிக்கு எத்தனை முறை அதிரும் என முன்னரே கணித்துச் சமன்பாடுகளாக எழுதுகின்றனர். திசைதிருத்தும் கட்டளை அவ்வதிர்வெண்ணோடு ஒத்திசையுமாயின், காலமறிந்து தள்ளிய ஊஞ்சல்போல ஆட்டம் பெருகும். ஆதலால் அவ்வதிர்வெண்களைத் தூண்டாதவாறு கட்டளைகள் வடிக்கப்படுகின்றன.

1992இல் ஏவப்பட்ட இந்தியாவின் இன்சாட் 2ஏ நமக்கு இன்னும் அணுக்கமானது. அதன் வானிலைக் கருவியைக் குளிர்விக்க ஒரு பக்கம் விண்வெளியை நோக்கித் திறந்திருக்க வேண்டியிருந்தது. எனவே சூரியத் தகடுகள் மறுபக்கத்தில் மட்டுமே அமைந்தன. அவற்றின்மேல் விழும் ஒளியின் அழுத்தம் கலத்தைத் திருப்பிவிடாதிருக்க, எதிர்ப்புறத்தில் நீண்ட கோலின் நுனியில் சூரியப் பாய் விரிக்கப்பட்டது. கலத்தோடு பாயும் விண்ணேறியது.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003 முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடும் முடிவு 2009இல் அறிவிக்கப்பட்டது. அவ்விடைவெளியில், காரணத்தைத் தமிழில் விளக்கும் பழக்கம் தளர்ந்தது என்பது எம் கருத்து. கருவியோ நம் கையிலேயே உள்ளது. தளர்ந்து இளகுதல் நெகிழ்தல். வலுவின்றி வளைதல் துவளுதல். கொடிபோல் அசைந்தாடுதல் நுடங்குதல். எக்சுபுளோரரின் கம்பிகள் நுடங்கின என்று ஆசிரியர் சொல்லட்டும். பச்சை முட்டையையும் அவித்த முட்டையையும் மேசைமேல் சுழற்றி, எது விரைவில் தளர்கிறது, ஏன் என்று மாணவர் தமிழிலேயே விடை கூறட்டும்.