வீதியில் ஒரு மேன்முறையீடு

பேராதனைப் பூங்காவுக்குப் போறவங்க ஓர்கிட் பூ பார்த்துட்டு வருவாங்க. 1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இயங்கியது அங்கேதான்.

அந்தப் போரின் ஆரம்பத்தில், அங்கவீனமான பிரித்தானியச் சிப்பாய் ஓய்வூதியம் கேட்டால், சேவையால்தான் அந்தப் பாதிப்பு வந்தது என்று அவரே நிரூபிக்கணும். 1943இல் இது தலைகீழானது. சேவையால் வரவில்லை என்று அரசு நிரூபிக்கணும். மறுத்தால் சுயாதீன நியாயசபைக்கு மேன்முறையீடு செய்யலாம். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் இதே வழியில்தான் போனது.

நம்ம நாட்டில்? 12 வருட சேவை முடிய முன்னமே காயப்பட்டு விலகிய படையினர், 2017 நவம்பரில் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்புக் கோட்டையில் வீதிக்கு வந்தாங்க. அவங்க காயத்தை யாரும் மறுக்கல. வருடக் கணக்குத்தான் இடிச்சது. கிடைத்தது கண்ணீர்ப்புகை.

அவங்க எந்தப் போரில் கால் இழந்தாங்க என்று நமக்கு மறக்கல, மறக்கவும் வேணாம். ஆனா தனக்காகப் போரிட்டவனுக்கே வீதிதான் மேன்முறையீட்டு மேசை என்றால், அதே போரில் கால் இழந்த நம்ம சனம் எந்த மேசையில் போய்க் கேட்கும்?