மனச்சோர்வும் மூளையும்

மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும், போரும் 2004 ஆழிப்பேரலையும் கடந்துவந்த நாம், மனச்சோர்வை இன்னும் மனப்பலவீனம் என்றே ஒதுக்குகின்றோம். அது மூளையையும் தொடும் நோய். நீண்டகால நோயாளரிடம் நினைவுக்குரிய ஹிப்போகம்பஸ் பகுதி சராசரியாகச் சற்றுச் சிறுத்திருப்பதை மூளைப் படங்கள் காட்டுகின்றன.

வழமையான மாத்திரைகள் பலன்தர வாரக்கணக்காகும். மயக்க மருந்தான கெற்றமின் சில மணித்தியாலங்களிலேயே சோர்வைத் தணிப்பதை 2000இல் வெளியான சிறு அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. நரம்பணுக்களின் இணைப்புகள் மீள வளர்வதே காரணமென விலங்காய்வுகள் கருதவைக்கின்றன. அதன் ஒரு கூறான எஸ்கெற்றமினை மூக்கில் தெளிக்க 2019இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆயினும் ஒருமுறை ஏற்றினால் பலன் பெரும்பாலும் சில நாட்களே. குருதியழுத்தம் உயரும், பழக்கமாகவுங்கூடும். மருத்துவக் கண்காணிப்பின்றித் தொடலாகாது.

புதுமருந்து கிட்டாமையினும் பெருங்கேடு, கையிலுள்ள மாத்திரையை இரண்டாம் வாரத்திலேயே கைவிடுதல். நோன்புக் காலத்தில் வேளையை மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம், தாமாக நிறுத்தலாகாது.