உத்தம புத்திரன் (1940)

கொங்கு மண்டலத்தின் சேலத்தில் திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக, அவருடைய டைரக்‌ஷனிலேயே 1940-இல் வெளிவந்த இத்திரைப்படம், பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் துமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவியது. ஒரே கருவில் உதித்தும், ஒருவன் அரண்மனைப் போகத்திலும் மற்றவன் சாமானியர் நடுவிலுமாக வளர்ந்த இரட்டைச் சகோதரரில், சிம்மாசனம் ஏறியவன் தன் முகச்சாயலையே சத்துருவாக எண்ணி உடன்பிறந்தானை இரும்பு முகமூடியிட்டுச் சிறையில் அடைக்கும் குரூரமே கதையின் ஜீவன். துரியோதனாதியரின் பங்காளிப் பகையைக் கூத்தில் கண்டு பழகிய ஜனங்களுக்கு இதன் மர்மம் எளிதில் விளங்கியிருக்கும். நாடகக் கம்பெனியில் பயின்ற பி. யு. சின்னப்பா இரு பாத்திரங்களையும் ஏற்றார். தமிழ்ப்படத்தில் இரட்டை வேடத்துக்கு இதுவே முன்னோடி. நாயகி எம். வி. ராஜம்மா. சின்னப்பா 1951-இல், முப்பத்தைந்தாம் வயதிலேயே காலமானார். 1958-இல் சிவாஜி கணேசன் நடிக்க இதே பெயரில் இக்கதை மீண்டும் படமாயிற்று.