இரட்டைப் படம் முதல் கலப்பு மெய்ம்மை வரை: தஞ்சைப் பெரிய கோயில் பதிவான வரலாறு

தஞ்சைப் பெரிய கோயிலை ஒரு கருவிக்குள் கண்ணை வைத்து, ஆழமும் பருமனும் தோன்றப் பார்ப்பது 1858ஆம் ஆண்டிலேயே நடந்திருக்கிறது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் அந்த ஆண்டில் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சுற்றுவட்டார இடங்களின் ஸ்டீரியோ படத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். ஒரே காட்சியைச் சற்று விலகிய இரு கோணங்களில் எடுத்து அருகருகே அமைத்த இரட்டைப் படங்கள் அவை. ஸ்டீரியோஸ்கோப் பெட்டியின் வில்லைகள் வழியே பார்த்தால் இடக்கண்ணுக்கு ஒன்றும் வலக்கண்ணுக்கு மற்றொன்றும் தெரியும். மூளை இரண்டையும் இணைத்து, முன்னிருப்பதை முன்னும் பின்னிருப்பதைப் பின்னும் நிறுத்திக் காட்டும். இன்று தலையில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டுகள் ஆழத்தைக் காட்டுவதும் இந்த இரு கண் தத்துவத்தால்தான்.

கருவியும் அப்போது புதிது. இரு கண் பார்வை ஆழத்தை உணர்த்தும் விதத்தை சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் விளக்கினார். டேவிட் புரூஸ்டர் அதை வில்லை பொருத்திய கைப்பெட்டியாக மாற்றினார். 1851 லண்டன் பொருட்காட்சிக்குப் பிறகு அது ஐரோப்பிய வீடுகளுக்குள் புகுந்தது. அடுத்த ஏழு ஆண்டுகளில் காவிரிக் கரையின் காட்சிகளும் அதற்குள் வந்துவிட்டன. மராத்திய அரசர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி இறந்து, தஞ்சை அரசு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிருந்த நேரம் அது. டிரைப் 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு எனச் சுற்றினார். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், செலவைக் காரணம் காட்டி இந்த வேலையை நிறுத்திவிட்டார்.

ஸ்டீரியோ படங்களைவிட டிரைப் செய்த இன்னொரு வேலை பெரிது. விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை அவர் துண்டு துண்டாகப் படமெடுத்தார். ஒவ்வொரு முறையும் கேமராவைக் கொஞ்சம் நகர்த்தி, சுவரிலிருந்து அதன் தூரமும் உயரமும் மாறாமல் பார்த்துக்கொண்டு, 21 படங்களைச் சேர்த்து ஒட்டினார். 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே பட்டையாக அது அமைந்தது. அழகுக்காக எடுத்த படம் அன்று. தொலைவில் இருப்பவர்களும் எழுத்தைப் பார்க்கட்டும் என்று எடுத்தது. ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் படங்களை எடுத்து, அவற்றைக் கணினியில் கோத்து, கட்டடத்தின் முப்பரிமாண உருவைப் பெறும் இன்றைய முறைக்கு வேண்டிய பொறுமையும் ஒழுங்கும் இங்கேயே வந்துவிட்டன.

அந்தக் கல்வெட்டுகளைப் படித்து அச்சேற்றும் வேலையைத் தொடங்கியவர் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ். அதற்கு அடிப்படையாக இருந்தவை புகைப்படங்கள் அல்ல, மைப்படிகள். நனைத்த தாளைக் கல்லின்மேல் விரித்து, எழுத்துக் குழிகளுக்குள் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, மேலே மை ஒற்றி எடுப்பதே படியெடுத்தல். வெட்டிய எழுத்து வெள்ளையாகவும் சுற்றியுள்ள பரப்பு கறுப்பாகவும் பதியும். அளவு கல்லில் உள்ளதுபோலவே இருக்கும். 1891 முதல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதி பெரும்பாலும் பெரிய கோயிலுக்கே உரியது. கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றதும் இந்த வாசிப்பால்தான்.

பதிவு என்றால் என்ன என்பதை அந்தக் கல்வெட்டுகளைப்போல் கற்றுத்தரும் வேறொன்றைக் காண்பது கடினம். இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அரசியரும் அதிகாரிகளும் கோயிலுக்கு அளித்த செப்புத் திருமேனிகள் ஒவ்வொன்றும் அங்கே விவரிக்கப்பட்டுள்ளது. உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், கைகள் எத்தனை, ஆடவல்லான் எனப்படும் நடராசரின் சடைகள் எத்தனை, சடைமேல் கங்கை, காலடியில் முயலகன், பீடம் எப்படிப்பட்டது என்று எல்லாம் உண்டு. எந்த முழத்தால் அளந்தார்கள் என்பதும் சொல்லப்படுகிறது: கோயிலில் வைத்திருந்த முழம். பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்னும் கல்லால்; மணிகளை நிறுத்தது தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லால். டெல்டா ஊர்களிலிருந்து கோயிலுக்கு வரவேண்டிய நெல்லை அளக்க ஆடவல்லான் என்ற மரக்கால் இருந்தது. அது இராசகேசரி மரக்காலுக்குச் சமம் என்பதையும் கல்லிலேயே எழுதிவைத்தார்கள். எந்த ஊர் நெல் வந்தாலும் கணக்குப் பொருந்த இதுவே வழி. அந்தத் திருமேனிகளில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆனாலும் அவற்றின் அளவும் அமைப்பும் தெரிகின்றன. திரும்ப வரைந்துகாட்டவும் முடியும். அளவுகோலையும் சேர்த்து எழுதிவைத்ததுதான் காரணம்.

கோயிலுக்குள் படத்தின்மேல் படம் படிந்த கதை இதைவிடச் சிக்கலானது. கருவறையைச் சுற்றி, இரண்டு சுவர்களுக்கு இடையே குறுகிய, இருண்ட உட்சுற்று ஒன்று இருக்கிறது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி விளக்கோடு அதற்குள் போனபோது, 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் ஓவியம் சில இடங்களில் உதிர்ந்து, அடியில் வேறொரு ஓவியம் இருப்பதைக் கண்டார். அது சோழர் காலத்தது. ஈரச் சுண்ணாம்புச் சாந்தின்மேல் வரைந்த ஓவியம் என்பதை சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் ஆராய்ந்து எழுதினார்.

மேலே இருப்பதும் வரலாறு, கீழே இருப்பதும் வரலாறு. ஒன்றைக் காட்ட மற்றொன்றை அழிக்க முடியாது. இந்தியத் தொல்லியல் துறை கண்ட வழி இது: நாயக்கர் ஓவியத்தின் முகப்பில் துணியை ஒட்டி, அந்தப் படலத்தை மட்டும் சுவரிலிருந்து மெல்லப் பிரித்து, கண்ணாடியிழைப் பலகையில் பதித்துக் கோயில் வளாகத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். ஒரே சுவரில் இருந்த இரண்டு ஓவியங்கள் இரண்டு பரப்புகளுக்கு வந்தன. பாதுகாப்புக் கலையில் தமிழ்நாடு கண்ட மிகத் துணிச்சலான வேலைகளுள் இது ஒன்று.

சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாது, உட்சுற்று மூடப்பட்டிருக்கிறது. மனித மூச்சின் ஈரமும் விளக்கின் வெப்பமும் சாந்தைப் பாதிக்கும் என்பதால் அது தேவையும்கூட. உள்ளே போக அனுமதி கிடைத்தவருக்கும் ஒரு தடை உண்டு. சுவர் உயரம், வழி குறுகல். பின்னால் நகர்ந்து முழு ஓவியத்தையும் ஒரே பார்வையில் காண இடமில்லை. சுந்தரர் கதை ஓவியத்தில் திருமணப் பந்தலுக்கு ஓலையோடு வரும் கிழவர் ஓரிடத்தில் இருக்கிறார். வெள்ளை யானைமேல் சுந்தரரும் குதிரைமேல் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரைவது வேறோர் இடத்தில். மேலே கயிலையில் சிவன். நின்ற இடத்திலிருந்து இவை துண்டுகளாகத்தான் தெரியும். பகுதி பகுதியாக எடுத்த படங்களை இணைத்தும், கோட்டோவியங்கள் வரைந்தும் முழுமையை மீட்டுக்காட்டியது பி.எஸ். ஸ்ரீராமன் எழுதித் தொல்லியல் துறை 2011இல் வெளியிட்ட சோழர் சுவரோவிய நூல். நேரில் போனவரும் பார்க்க முடியாததைப் பதிவின் வழியே பார்க்க முடிந்தது.

கலப்பு மெய்ம்மை எனப்படும் மிக்ஸ்டு ரியாலிட்டிக்கு இந்தக் கோயில் ஏற்ற இடம் என்பது இதிலிருந்தே புரியும். கண்முன் இருக்கும் உண்மையான இடத்தின்மேல் கணினி உருவாக்கிய காட்சியை, அது அங்கேயே இருப்பதுபோல் பொருத்திக் காட்டுவது இந்த நுட்பம். பால் மில்கிராமும் ஃபூமியோ கிஷினோவும் 1994இல் எழுதிய கட்டுரையால் இந்தப் பெயர் பரவியது. மூடிய உட்சுற்றுக்கு வெளியே நிற்பவருக்குச் சுவருக்குப் பின்னால் இருக்கும் ஓவியத்தைக் காட்டலாம். அடித்தளக் கல்வெட்டின் எழுத்துக்கு மேலே இன்றைய எழுத்தில் அதன் வாசகத்தை ஓடவிடலாம்.

தடையாக இருந்தது கருவிகளின் ஆயுள். அட்டைப் பெட்டிக்குள் கைபேசியைச் செருகிப் பார்க்கும் கூகுள் கார்ட்போர்டு 2014இல் வந்தது. 2021இல் கூகுள் அதன் விற்பனையை நிறுத்தியது. டேங்கோ என்ற கைபேசி நுட்பம் 2018இல் கைவிடப்பட்டது. அதே காலத்தில் ஆப்பிளின் ஏஆர்கிட், கூகுளின் ஏஆர்கோர் ஆகியவை அந்த இடத்தைப் பிடித்தன. மைக்ரோசாஃப்ட் 2016இல் கொண்டுவந்த ஹோலோலென்ஸ் வரிசையின் உற்பத்தி 2024இல் நின்றது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே எழுதிய செயலிகள் அந்தந்தக் கருவியோடு போயின. ஆயிரம் ஆண்டுக் கோயிலை ஐந்தாண்டுக் கருவியை மட்டும் நம்பிப் பதிவுசெய்வது வீண் செலவு.

இதற்கு விடையாகப் பொதுத் தரங்கள் உருவாயின. குரோனாஸ் கூட்டமைப்பு 2019 ஜூலையில் ஓப்பன்எக்ஸ்ஆர் தரத்தின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதன்படி எழுதும் செயலி, "வலக்கைப் பொத்தான் அழுத்தப்பட்டதா?" என்று ஒரு கருவியின் பொத்தானைக் கேட்பதில்லை. "தேர்ந்தெடு" என்ற செயலை மட்டும் அறிவிக்கிறது. ஒரு கருவியில் அது பொத்தானாகவும், இன்னொன்றில் விரல்களைச் சேர்த்துக் கிள்ளும் சைகையாகவும் இருக்கலாம். இணைத்துக்கொடுப்பது கருவியின் மென்பொருள். வெப்எக்ஸ்ஆர் உலாவி வழியாகவே இத்தகைய காட்சிகளைத் திறக்க வழிசெய்கிறது. எல்லாம் தீர்ந்துவிடவில்லை: ஆப்பிள் தன் விஷன் புரோ கருவியில் ஓப்பன்எக்ஸ்ஆரை ஏற்கவில்லை, ஐபோனின் உலாவியும் வெப்எக்ஸ்ஆரை ஏற்காமலே பல ஆண்டுகள் கழிந்தன.

முப்பரிமாண உருவைச் சேமிக்கும் கோப்புக்கும் ஒரு தரம் வேண்டும். 2017இல் வந்த ஜிஎல்டிஎஃப் 2.0 இன்று பன்னாட்டுத் தரம். அதில் நீளத்தின் அலகு மீட்டர். எந்தத் திசை மேல்நோக்கியது என்பதும் வரையறுக்கப்பட்டுள்ளது. ஒரு மென்பொருள் சென்டிமீட்டரிலும் மற்றொன்று மீட்டரிலும் கணக்கிட்டால் விமானம் நூறு மடங்கு வளர்ந்தோ சுருங்கியோ நிற்கும். மரக்காலின் பெயரைக் கல்வெட்டில் சேர்த்தவர்கள் அறிந்திருந்த சிக்கல்தான் இது.

தஞ்சைக்கென ஒரு செயலியை இந்த முறையில் அமைப்பவர் வேலையை மூன்றாகப் பிரிக்க வேண்டும். அளந்தெடுத்த உருவமும் உயர்தெளிவுப் படங்களும் கல்வெட்டு வாசகமும் எந்தக் கருவியையும் சாராத அடித்தளம். அதிலிருந்து, விலை குறைந்த கைபேசிக்கு எடை குறைத்த உருவையும் ஹெட்செட்டுக்கு நுணுக்கமான உருவையும் தனித்தனியே ஆக்கிக்கொள்ளலாம். தொடுதிரை, கைச்சைகை, பொத்தான் ஆகியவற்றைக் கையாளும் பகுதி மூன்றாவது. அது மட்டும் கருவிக்குக் கருவி மாறும். இடத்துக்கே உரிய தொல்லைகளும் உண்டு. சித்திரை வெயிலில் கல் முற்றத்தில் கைபேசித் திரை தெரியாது. ஜிபிஎஸ் சில மீட்டர் தவறினாலும் வாசகம் வேறு கல்வெட்டின்மேல் போய் நிற்கும். அதனால் சுவரின் வடிவத்தையே கேமரா அடையாளம் காணும்படி செய்ய வேண்டியிருக்கிறது.

பெரிய கோயிலுக்கு 1987இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் சேர்ந்தன. ஆனால் கவனமெல்லாம் இந்த மூன்றோடு நின்றுவிடக் கூடாது. திருப்புள்ளமங்கைக் கோயில் அடித்தளத்தில் உள்ளங்கையளவுக் கட்டங்களுக்குள் இராமாயணக் காட்சிகள் தேய்ந்துவருகின்றன. காவிரிக் கரை நெடுகச் சிறு கோயில்களில் கல்வெட்டுகள் திருப்பணியின்போது சிமெண்டுக்கும் வண்ணப்பூச்சுக்கும் அடியில் போகின்றன. செயலி எது, கருவி எது என்பதைப் பிறகு முடிவுசெய்யலாம். அளவுகோலோடு எடுத்த மூலப் படங்களையும் அளவுகளையும் திறந்த வடிவில் சேமித்து, தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனத்தில் வைக்கும் வேலையைத் திருப்பணிக்குச் சாரம் கட்டுவதற்கு முன்பே முடித்தாக வேண்டும்.