இரண்டு காக்கிச் சட்டையும் ஒரு கையெழுத்தும்

பெரிய ஜங்ஷன் எதிலாவது இறங்கி நடந்தால் இரண்டு காக்கி அலுவலகங்களைப் பார்க்கலாம். ஒன்று இருப்புப்பாதை காவல் நிலையம், மாநில அரசின் போலீஸ். இன்னொன்று ரயில்வே பாதுகாப்புப் படை, அதாவது ஆர்.பி.எஃப்., மத்திய அரசுடையது. நம்மில் பலருக்கு இரண்டும் ஒன்றுதான். "ரயில்வே போலீஸ்"ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். ஆனால் வேகனில் போன அரசாங்கச் சரக்கு குறைந்து, அதற்காக விசாரிக்கப்படும் ஒரு கூட்ஸ் கிளார்க்குக்கோ பாயிண்ட்ஸ்மேனுக்கோ, எந்த வாசல் வழியாக உள்ளே அழைத்துப் போகிறார்கள் என்பதில்தான் வழக்கின் தலைவிதியே இருக்கிறது. பழைய தீர்ப்புகளைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இது எனக்குப் புரிந்தது.

முதலில் சரக்கு. ஒரு வேகன் அரிசி கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றும் இடத்தில் ஒரு கிளார்க், சீல் வைக்க ஒருவர், வண்டியோடு ஒரு கார்டு, நடுவில் இரண்டு மூன்று யார்டு, இறக்கும் இடத்தில் இன்னொரு கிளார்க். போய்ச் சேரும்போது பத்து மூட்டை குறைகிறது. எங்கே போச்சு? யார் எடுத்தது? 2024 ஜூலைக்கு முன்பு 'அரசு ஊழியரின் நம்பிக்கை மோசடி' என்று இந்திய தண்டனைச் சட்டம் 409-இல் வழக்குப் போட முடிந்தது. ஆயுள் தண்டனை வரை இருந்தது. ரயில்வே ஊழியரை அந்தப் பிரிவுக்கு அரசு ஊழியராகவே கருத வேண்டும் என்று 1989 ரயில்வே சட்டத்தின் 188-வது பிரிவும் சொல்கிறது. ஆனால் 409-க்கு, சரக்கு இன்னாரிடம்தான் ஒப்படைக்கப்பட்டது என்று நிரூபித்தாக வேண்டியிருந்தது. இத்தனை கை மாறும் சங்கிலியில் அது லேசுப்பட்ட காரியமா?

அதனால் சட்டம் வேறு வழியில் போனது. யார் திருடினார் என்பதைக் கேட்காதே, யாரிடம் பொருள் இருக்கிறது என்று பார். 1955-இல் வந்த சட்டம் ரயில்வே ஸ்டோர்ஸை மட்டும்தான் தொட்டது. அதாவது ரயில்வேக்கே சொந்தமான, ரயில்வேயைக் கட்டவோ ஓட்டவோ பராமரிக்கவோ பயன்படும் பொருள்கள். தண்டவாளத் துண்டு, செம்புக் கம்பி, பித்தளை உதிரிகள் அதில் வரும். உணவுக் கழகத்து அரிசி மூட்டை வராது, அது ரயில்வேயின் சொத்து இல்லையே!

1966-இல் வந்த ரயில்வே சொத்து (சட்டவிரோத உடைமை) சட்டம் இந்த ஓட்டையை அடைத்தது. ரயில்வேக்குச் சொந்தமானது மட்டுமல்ல, ரயில்வேயின் பொறுப்பிலோ வசத்திலோ இருப்பதும் ரயில்வே சொத்துதான் என்று விளக்கம் மாறியது. அரிசி, சிமெண்ட், நிலக்கரி, ராணுவச் சரக்கு எல்லாமே பயணத்தில் இருக்கும்வரை உள்ளே வந்துவிட்டன. திருட்டுப் பொருள் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க ரயில்வே சொத்து ஒருவரிடம் இருந்தால், அது முறையாக வந்ததுதான் என்று நிரூபிக்க வேண்டிய பாரம் அவர் தலையில். முதல் தடவைக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. சிறப்புக் காரணம் எழுதாமல் ஓராண்டுக்கும் 1000 ரூபாய் அபராதத்துக்கும் கீழே நீதிபதி போக முடியாது.

இதை விசாரிப்பது யார்? போலீஸ் அல்ல. இந்தக் குற்றம் போலீஸ் தானாக எடுத்து விசாரிக்கக்கூடியது அல்ல என்று 5-வது பிரிவு சொல்லிவிடுகிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்வதும் விசாரணை நடத்துவதும் ஆர்.பி.எஃப். அதிகாரிதான். 8-வது பிரிவு அவருக்குக் காவல் நிலையப் பொறுப்பதிகாரியின் அதிகாரங்களையே கொடுக்கிறது. 9-வது பிரிவின்படி அவர் யாருக்கும் சம்மன் அனுப்பலாம். போனவர் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர்.

இங்கேதான் சிக்கல். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது. இது 1872 சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு. லாக்கப்பில் என்ன நடக்கும் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்திருந்ததால் வந்த பாதுகாப்பு அது. அப்படியானால் ஆர்.பி.எஃப். இன்ஸ்பெக்டர் போலீஸ் அதிகாரியா?

உச்ச நீதிமன்றம் 1961-இல் பர்கத் ராம் வழக்கில் சுங்க அதிகாரி போலீஸ் அல்ல என்றது. 1963-இல் ராஜா ராம் ஜெய்ஸ்வால் வழக்கில் பீகார் கலால் இன்ஸ்பெக்டர் போலீஸ்தான் என்றது. ஆர்.பி.எஃப். பற்றிய பதில் 1980-இல் பால்கிஷன் தேவிதயாள் வழக்கில் வந்தது: போலீஸ் அல்ல. முக்கியக் காரணம் இதுதான். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வார், ஆர்.பி.எஃப். அதிகாரியால் அது முடியாது. அவர் மாஜிஸ்திரேட் முன் புகார் மனுதான் கொடுக்க முடியும்.

படித்ததும் எனக்குத் தோன்றியது, இது எங்கள் தொழிலில் ஃபங்ஷனின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு வேறு புரோகிராம் என்று சொல்வது மாதிரி இருக்கிறதே என்பதுதான். கைது செய்கிறார், விசாரிக்கிறார், எழுதி வாங்குகிறார். கடைசியில் கோர்ட்டுக்குப் போகும் தாளின் பெயர் வேறு. அதனால் கையெழுத்து செல்லும்! தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3)-ஐயும் எழுப்பிப் பார்த்தார்கள். சம்மன் வந்த கட்டத்தில் அவர் இன்னும் 'குற்றம் சாட்டப்பட்டவர்' ஆகவில்லை என்று பதில் கிடைத்தது.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய வாக்குமூலம் செல்லாது என்கிற 24-வது பிரிவு ஆர்.பி.எஃப். அதிகாரிக்கும் பொருந்தும். ஆனால் மூடிய அறையில் நடந்த மிரட்டலை வெளியே கொண்டுவர வேண்டியது அந்தப் பாயிண்ட்ஸ்மேன்தான். 25-வது பிரிவு இருந்தால் அவர் வாயே திறக்க வேண்டியதில்லை. தண்டனை வந்தால் ஜெயிலோடு முடிவதும் இல்லை. அதைக் காரணமாக வைத்தே, தனி விசாரணை இல்லாமல் வேலையிலிருந்து நீக்க 311-வது பிரிவில் இடம் இருக்கிறது.

2012 திருத்தத்தில் திருட்டும் கையாடலும் நேரடியாகவே இந்தச் சட்டத்துக்குள் வந்தன. முன்பு 'வைத்திருந்தார்' என்பதை விசாரித்த அதே அதிகாரி இப்போது 'எடுத்தார்' என்பதையும் விசாரிக்கிறார். அப்படியானால் போலீஸிடமிருந்து அவரைப் பிரிப்பது இன்னும் என்ன மிச்சம்?

2020 அக்டோபரில் தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே கேள்வியைப் போதைப்பொருள் சட்டத்துக்காக எடுத்துக்கொண்டது. மூன்றில் இரண்டு நீதிபதிகள், விசாரணை அதிகாரம் பெற்ற அந்த அதிகாரிகள் போலீஸ் அதிகாரிகளே, அவர்களிடம் தந்த ஒப்புதல் செல்லாது என்றார்கள். அது போதைப்பொருள் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பு. 2024 ஜூலையில் புதிய சாட்சியச் சட்டம் வந்தபோது பழைய 25-வது பிரிவு 23-க்குள் போனது. 'போலீஸ் அதிகாரி' என்ற சொல் மாறவில்லை. யார் போலீஸ் அதிகாரி என்ற விளக்கம் அதிலும் இல்லை.